எடுத்துவைத்த கற்கள்

புகையைக் கண்டால் கத்தும் கருவியை ஒரு வீட்டில் எங்கே பொருத்தக் கூடாது என்பதை இன்று நான் சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சமையலறை வாசலுக்கு நேரே கூடாது. யன்னல் காற்று அடிக்கும் இடத்தில் கூடாது. சுவரும் கூரையும் சேரும் மூலையில் கூடாது. பிரெஞ்சு பேசும் அந்தக் குளிர் நகரத்தின் வில்லரேப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இந்த மூன்று குற்றங்களும் ஒன்றாகச் சந்திக்கும் புள்ளி ஒன்று இருந்தது. அந்தப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே அதைப் பொருத்தியவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது. எனக்கு ஒன்பது வயதாக இருந்த, பனி கொட்டிய மாரிகாலத்தில், அதற்குக் கீழே ஒரு கதிரையில் ஏறி நின்று, துவாயால் மேல்நோக்கி விசிறிக்கொண்டிருப்பது என் மாலை வேலையாக இருந்தது. எட்டு மாலைகள். காரணம், மாமா.

மாமா அம்மாவின் தம்பி. எங்களுக்குப் பின்னால் மட்டக்களப்பிலிருந்து வந்து, எங்களோடேயே தங்கிவிட்டவர். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பேக்கரியில் வேலை. விடிய முன்னர் எழும்பிப் போவார். மாவு ஒட்டிய சப்பாத்துகளோடு பின்னேரம் வருவார். கலியாணம் முடிக்கவில்லை. அதிகம் கதைக்கவும் மாட்டார். வீட்டில் இருப்பதே தெரியாத மனிதர் என்று அம்மா அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த எட்டு நாட்களுக்கு முன்னர் சொன்னது அது.

அவரைப் பற்றி அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. எங்கள் சபை ஒரு பழைய பிரெஞ்சுத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்திருந்தது. திருவிருந்து நாளில் அப்பமும், சின்னஞ்சிறு கிண்ணங்களில் திராட்சைரசமும் தட்டுகளில் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். மாமா தட்டை வாங்குவார். எதையும் எடுக்காமல், குனிந்த தலை நிமிராமல், என்னிடம் தருவார். நான் அம்மாவிடம் கொடுப்பேன். எங்கள் வரிசையில் உண்ணாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வயது காணாது. மாமாவுக்கு என்ன காணாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா ஒவ்வொரு இரவும் படுக்கைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, எங்களுக்கும் கேட்கும்படியாக, தம்பி ஆண்டவருடைய பந்திக்கு வரவேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் படுப்பார்.

எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான்: ஊரில் எங்கள் வேதக்கோயில் சண்டைக் காலத்தில் முகாமாக இருந்தது. மாமாவைப் பள்ளிக்கூட வயதிலேயே ஆயுதக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டும் தனித்தனிச் செய்திகளாக என்னிடம் இருந்தன.

அந்த மார்கழியில் ஒரு நாள் மாமா ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே ஒன்பது மண் விளக்குகளும், ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெயும், திரிக்குப் பஞ்சும். அம்மா ஒரு விளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, சிட்டி விளக்கு? ஆருக்கு?"

"நமக்குத்தான் அக்கா. யன்னலுக்க வைக்கப்போறன். எட்டு நாளைக்கு."

"நாம எப்ப கார்த்திகை விளக்கீடு கொண்டாடத் தொடங்கின?"

"இது விளக்கீடில்ல. ஹனுக்கா. ஆண்டவர் போன பண்டிகை. மாரிகாலத்தில அந்தப் பண்டிகைக்கு அவர் தேவாலயத்தில உலாவினவர் எண்டு வேதத்திலேயே கிடக்கு."

"ஆண்டவர் தச்சுவேலையும் செய்தவர். நீ முதல்ல அந்தக் குசினி அலுமாரியில கழண்ட கதவப் பூட்டித் தா."

பேக்கரி முதலாளி ஒரு யூதர். ஒவ்வொரு வருடமும் கடை யன்னலில் விளக்கேற்றுகிறவர். ஏழு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு மா பிசைந்த மாமா, அந்த வருடம்தான் அது என்ன என்று கேட்டிருக்கிறார். முதலாளி சொல்லியிருக்கிறார். அதை நானும் செய்யலாமா என்று மாமா கேட்க, உனக்கு எதற்கு, உனக்குத்தான் கிறிஸ்மஸ் இருக்கிறதே என்று அவர் சிரித்திருக்கிறார். "எங்கட ஆண்டவரும் உங்கட ஆள்தானே" என்றாராம் மாமா. அதற்கு முதலாளி ஒரு பெட்டி டோனட்டைக் கையில் கொடுத்து அனுப்பினாராம்.

டோனட் வந்ததோடு நின்றிருந்தால் எனக்கு எந்த முறைப்பாடும் இருந்திருக்காது. விதிகளும் வந்தன.

முதல் விதி, விளக்குகள் வெளியே போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். தெருப்பக்க யன்னல் ஒன்றே ஒன்றுதான். அங்கேதான் கிறிஸ்மஸுக்கு வைத்த எங்கள் நத்தார் மரம் நின்றது. மாமா அதைத் தூக்கிக் குளியலறை வாசலில் வைத்தார். அந்த எட்டு நாளும் பல் தீட்டப் போன எல்லோருடைய தலைமுடியிலும் மினுமினுப்புத் தாள் ஒட்டியது. யன்னலில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. குளிர் உள்ளே வராமல் அப்பா ஒவ்வொரு வருடமும் அதற்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, தலைமுடி காயவைக்கும் மெசினால் சூடு காட்டி, முரசுத் தோல்போல இழுத்துவைப்பார். விளக்குச் சூட்டுக்கு அது ஆகாது என்று மாமா அதன் நடுவில் கத்தியால் ஒரு சதுரம் வெட்டினார். இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அப்பா அந்தச் சதுரத்துக்கு முன்னால் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"மைனஸ் இருபது. இந்தக் குளிருக்க ஆர் நடந்து போறான், அவனுக்கு நீ வெளிச்சம் காட்ட?"

"ஆராவது போவாங்க அத்தான்."

இரண்டாவது விதி, அந்த வெளிச்சத்தை எந்த வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது, பார்க்க மட்டும்தான். அதற்காக மாமா மின்விளக்கையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுவார். என் வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும். எண்ணெய் தீரும்வரை எல்லோரும் இருட்டில் குந்தியிருக்க வேண்டும். நான் குந்தியிருக்கவும் முடியாது. துவாயோடு கதிரையில் நிற்க வேண்டும். ஒலிவ் எண்ணெய் அவ்வளவு புகைக்காது. ஆனால் எண்ணெயில் பொரித்ததைத்தான் சாப்பிட வேண்டும் என்பது மூன்றாவது விதி. டோனட் முடிந்ததும் அம்மா, பொரிக்கிறதுதானே, அதற்கு ஏன் இனிப்பு என்று வடை சுடத் தொடங்கினார். இடம் தெரியாமல் பொருத்திய அந்தக் கருவிக்கு வடை என்றால் கொலைவெறி.

இவை எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டியது கதை. மாமா ஒவ்வொரு மாலையும் அதே கதையைச் சொன்னார். வாய் திறக்காத மனிதர் எட்டு நாளுக்கென்று சேர்த்துவைத்ததுபோலச் சொன்னார். அந்நிய ராசாவின் படை எருசலேமுக்கு வந்து தேவாலயத்தைப் பிடித்தது. பலிபீடத்தில் பன்றியை வெட்டியது. உள்ளே நின்றவர்களும் ஒரு மாதிரி அதற்குப் பழகிப்போனார்கள். பிறகு சிலர் மலையிலிருந்து இறங்கி வந்து சண்டை பிடித்துக் கோயிலை மீட்டார்கள். கூட்டிக் கழுவினார்கள். விளக்கேற்ற ஒரே ஒரு நாளுக்கான எண்ணெய்தான் இருந்தது. அது எட்டு நாள் எரிந்தது. இந்த இடத்தில் வந்ததும், கதை முடிந்துவிட்டது என்று நான் துவாயை இறக்குவேன். மாமா முடிக்க மாட்டார். திரும்பவும் பலிபீடத்துக்குப் போவார்.

"கழுவிப் பாத்தாங்க. அந்தப் பலிபீடத்துக் கல்லக் கழுவேலாது எண்டு அவங்களுக்கு விளங்கிட்டு. இடிச்சுட்டாங்க. ஆனா எறியவும் மனமில்ல. எத்தின வருசம் காணிக்கை வச்ச கல்லு. அதால ஒரு பக்கத்தில எடுத்து வச்சாங்க. என்ன செய்யிற எண்டு சொல்ல ஒரு தீர்க்கதரிசி வருவார், அதுமட்டும் இரிக்கட்டும் எண்டு."

"மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா ஒண்டுமில்ல புள்ள. அந்தக் கல்லுக்கு என்ன நடந்த எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கல்ல."

முடிவு தெரியாத கதையை ஒருவர் ஏன் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்? நான் அதை அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா வடைச்சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், கேட்கிறதுக்கு உனக்குக் காசா செலவாகுது என்றார். அவரும் எரிச்சலில்தான் இருந்தார். எரிச்சலுக்குள்ளேயே வேறு ஏதோவும் இருந்தது. தம்பி தானாக வாய் திறந்து வேதத்தைப் பற்றிக் கதைப்பதை அவர் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. அதனால் நத்தார் மரம் குளியலறை வாசலில் நின்றது. அதனால் நான் கதிரையில் நின்றேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மேல்வீட்டு அன்ரி கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், விரதங்களைத் தவறவிடாதவர். அவர் வீட்டுக்குப் போகும் இரும்புப் படிக்கட்டு எங்கள் யன்னலுக்கு முன்னாலேயே ஏறுகிறது. கையில் ஒரு மூடிய பாத்திரத்தோடு, கண் கலங்க நின்றார்.

"படியேறேக்கை பாத்தனான் பிள்ளை. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. விளக்கீடு முடிஞ்சுதான், அதுக்கென்ன. சபைக்குப் போனாலும் நீங்கள் ஒண்டையும் மறக்கேல்லை. இந்தாங்கோ, மோதகம்."

அம்மாவின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. இது விளக்கீடு இல்லை என்று சொல்லலாம். அப்போது வேறென்ன என்று அன்ரி கேட்பார். யூதருடைய பண்டிகை என்றால், ஏன் என்பார். வாசலில் நின்று அதை விளக்கினால் வீட்டில் மிச்சம் இருக்கும் சூடும் வெளியே போய்விடும். அம்மா மோதகத்தை வாங்கி, "உள்ள வாங்க அக்கா, வடை சுட்டனான்" என்றார்.

அன்ரி நல்லவர். நல்ல செய்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அடுத்த நாளே பார்க்-எக்ஸ்டென்ஷனில் தமிழ்க்கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களில் ஒருவர் எங்கள் சபையில் பாட்டுக் குழுவுக்குத் தலைவி. போதகரின் தொலைபேசி வந்தபோது அம்மா வெகுநேரம் "ஓம் பாஸ்ரர், ஓம் பாஸ்ரர்" என்று மட்டும் சொன்னார். வைத்தபின் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"நாம திரும்பிச் சைவத்துக்குப் போயிட்டமாம். உன்னப் பந்திக்குக் கொண்டுவரச் சொல்லித்தான் நான் இத்தின வருசமா மண்டாடினனான். இப்ப என்னையும் பந்தியால எழுப்பிவிடப் பாக்கிறாய், என்ன?"

மாமா, நாளுக்கு ஒன்று கூடும் கணக்கில், அன்றைக்குரிய விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றினார்.

போதகர் எட்டாம் நாள் மாலை வந்தார். பகலில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவர். வேலை முடிந்து மெட்ரோவிலும் பஸ்ஸிலும் ஏறி, பனிக்குள் நடந்து வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றியபடியே, "ஒண்டுமில்லைத் தங்கச்சி, சும்மாதான் வந்தனான்" என்றார். சும்மா வருவதற்கு ஒருவரும் அந்தப் பனிக்குள் வருவதில்லை என்று எனக்கே தெரியும். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அதே நேரம் பார்த்து மேல்வீட்டு அன்ரியும் இறங்கி வந்து, கடைசி நாளுக்குத் தன் பங்காக ஒரு விளக்கைக் கொளுத்தி, எங்களுடையவற்றின் ஓரமாக வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். போதகர் அதைப் பார்த்தார். அம்மா போதகரைப் பார்த்தார். நான் கதிரையில் ஏறினேன்.

மாமா வழக்கம்போல மின்விளக்கை அணைத்தார். நடுவில் இருந்த வேலைக்கார விளக்கை எடுத்து, அதனால் மற்ற எட்டையும் ஒவ்வொன்றாக ஏற்றினார். அந்த ஒன்றுக்கு முதலாளி சொன்ன பெயர் அதுதான். மற்றவற்றைக் கொளுத்திவிடுவது மட்டுமே அதன் வேலை. ஆண்டவரும் வேலைக்காரனாகத்தானே வந்தவர் என்று மாமா முதல் நாளே விளக்கம் சொல்லியிருந்தார்.

"தம்பி, நாங்கள் யூதரில்லை" என்றார் போதகர். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நாள் பாத்துப் பண்டிகை கொண்டாடச் சொல்லி எங்களுக்குக் கட்டளை இல்லை. பாக்கிற சனமும் வேற மாதிரி நினைக்குது."

"கட்டளை எண்டு செய்யல்ல பாஸ்ரர்."

"பேந்து ஏன் செய்யிறீர்?"

மாமா அந்தக் கதையைத் தொடங்கினார். எனக்குக் கையும் உளைந்தது, பொறுமையும் போய்விட்டது. படை வந்தது, பன்றியை வெட்டியது, மீட்டவர்கள் கழுவினார்கள், எண்ணெய், கடைசியில் கல். மனப்பாடம். ஆனால் அன்றைக்குக் கல்லில் வந்து அவர் நிற்கவில்லை.

"பாஸ்ரர், நம்மட கோயில என்னப் பிடிச்சவங்க முகாமாக்கினபோது நான் உள்ள நிண்டவன். தோள்ல துவக்கோட. பலிபீடத்துக் கம்பியில ஆக்களக் கட்டி வச்சிருந்த. அதில ஒராள் எனக்குப் படிப்பிச்ச சேர். அவர் என்ன ஆரெண்டு கண்டுட்டார். கண்டுட்டு என்னட்ட—"

அந்த இடத்தில் கருவி கத்தியது.

அன்ரியின் விளக்கு, மாமா வெட்டிய சதுரத்துக்குள் இல்லை. அதன் ஓரத்தில், பிளாஸ்டிக்கின் அடியில் இருந்தது. பிளாஸ்டிக் சுருங்கி, கறுத்து, நாறிக்கொண்டு எரிந்தது. அம்மா ஈரத் துணியோடு யன்னலுக்கு ஓடினார். நான் என் பலம் முழுவதையும் கூட்டி விசிறினேன். விசிறியதில் பயன் இருக்கவில்லை. அது எரியும் பிளாஸ்டிக்கைக் கண்ட கருவி, வடையைக் கண்டதல்ல. காது கிழியும் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் மாமாவின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. அவர் நிறுத்தவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போதகர் தன் காதை அவர் வாயருகே கொண்டுபோனார். நெருப்பை அமத்திய அம்மா ஈரத் துணியோடு அப்படியே நின்றார். மாமா கையால் எதையோ காட்டினார், தன்னைக் காட்டினார், பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

மேலேயிருந்து அன்ரி, "ஐயோ, என்ரை விளக்கே எரிச்சது?" என்று கத்திக்கொண்டு இறங்கி வந்து கதவைத் திறந்தார். குளிர்காற்று உள்ளே விழுந்தது. கருவி நின்றது.

மாமா முடித்திருந்தார். முகம் முழுக்க ஈரம். போதகர் அவருடைய கையைப் பிடித்திருந்தார். எட்டு நாளாக நான் காத்திருந்த மிச்சக் கதை சொல்லப்பட்டிருக்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது. திரும்பச் சொல்லுங்க மாமா என்று கேட்டேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

ஈரத் துணிக்கும் காற்றுக்கும் தப்பி யன்னலில் மூன்று விளக்குகள்தான் எரிந்துகொண்டிருந்தன. போதகர் அவற்றைப் பார்த்தபடியே, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

"தீர்க்கதரிசி வருமட்டும் எண்டுதானே தம்பி அந்தக் கல்லை எடுத்து வைச்சவை. அந்தப் பண்டிகைக்கு ஆண்டவர் அந்தக் கோயிலுக்குத்தானே வந்தவர். அந்தக் கல்லுக் கிடந்த முற்றத்தாலைதான் நடந்திருப்பார்."

அம்மா வடை எடுக்கக் குசினிக்குப் போய், வெகுநேரம் திரும்பி வரவில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில் நின்ற அன்ரி, "இப்ப இது என்ன பண்டிகை எண்டு ஆராவது எனக்குச் சொல்லுவியளே?" என்றார். அவருக்கு அன்று பதில் கிடைத்ததா என்பது எனக்கு நினைவில்லை. வடை கிடைத்தது.

அடுத்த சில நாட்களில் நத்தார். மரம் பழைய இடத்துக்கு வந்தது. அப்பா புதுப் பிளாஸ்டிக் ஒட்டினார். ஒட்டும்போது அவர் சொன்னவற்றை எழுத முடியாது. அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை தைத்திருந்தார். அழுக்காக்கினால் தோலை உரிப்பேன் என்ற எச்சரிக்கையோடுதான் அதை என் தலைக்கு மேலால் போட்டுவிட்டார். நத்தார் ஆராதனையில் திருவிருந்தும் இருந்தது. அப்பத் தட்டு வந்தபோது நான் பாட்டுக் குழுவில் இருந்த என் சிநேகிதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியோ அது என் கைக்கு வந்து அம்மாவிடம் போய்விட்டது. இரசத் தட்டு வரிசையால் வந்தது. மாமா வாங்கினார். நான் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

தட்டு வரவில்லை.

மாமா விடியவே எழும்புகிறவர், நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். முழங்கையால் இடித்து, "தாங்க மாமா" என்றேன். அவர் ஒரு கிண்ணத்தைத் தூக்கியபடி இருந்தார். நான் இடித்த இடியா, அவர் தூக்கிய அவசரமா, தெரியாது. பாதி இரசம் என் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. மார்பிலிருந்து மடிவரை ஊதா நிறத்தில் ஓடியது. மிச்சப் பாதியை மாமா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். சட்டையைப் பிடித்துக் காட்டி, நானில்லை, மாமாதான் என்றேன். அம்மா கறையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு என்னை இழுத்து, அந்த ஈரச் சட்டையோடேயே தன் நல்ல சேலையில் அணைத்துக்கொண்டார். சேலையிலும் கறை பட்டது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து அதைத் தோய்ப்பார் என்று எதிர்பார்த்தேன். உப்பு, தேசிக்காய், சவர்க்காரம் என்று எந்தக் கறைக்கும் அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. அந்தச் சட்டையை அவர் தோய்க்கவில்லை, எறியவுமில்லை. காயவிட்டு, மடித்து, அலுமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்தார். புதுச் சட்டையை ஒரே தரம் போட்டதோடு இப்படி வீணாக்கலாமா என்று நான் பல நாள் சண்டை பிடித்தேன்.